கார்டில் இருக்கும் கையெழுத்து அசல்தானா? வீட்டு மேசையிலேயே சோதிக்கும் முறை

நியூ ஜெர்சியில் ஓர் ஓட்டல் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த விளையாட்டு வீரர் கார்டு கண்காட்சியில், பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் கையெழுத்திட்ட கார்டு ஒன்றை வாங்கினேன். டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட கார்டின் மறுபதிப்பு. நீல ஷார்ப்பி மார்க்கர், பளிச்சென்ற கையெழுத்து, கூடவே தங்க நிற முத்திரை ஒட்டிய சான்றிதழ். எட்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு அனுப்பியபோது போலி என்று திரும்பி வந்தது. சான்றிதழில் இருந்த தொலைபேசி எண்ணை யாரும் எடுக்கவில்லை. பணம் போனது ஒரு பக்கம். ‘இது மேன்டில் கைபட்ட அட்டை’ என்று மகனிடம் சொல்லி அவன் கையில் கொடுத்திருந்தேன், அதுதான் அதிகம் வலித்தது.

அதன் பிறகு நூற்றுக்கணக்கான கார்டுகளை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டேன். அதில் கற்றதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்க பேஸ்பால் கார்டுகள், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். கிரிக்கெட், கூடைப்பந்து, கால்பந்து கார்டு வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான்.

வரிசை ஏன் முக்கியம்? புதிதாக வருபவர்கள் எடுத்தவுடன் கையெழுத்தின் வடிவத்தைப் பார்க்கிறார்கள். போலி செய்கிறவன் அதிகம் உழைத்திருப்பதும் அந்த வடிவத்தில்தான். அவன் கோட்டை விடுவது மற்ற இடங்களில்: கார்டின் ஆண்டு, பேனாவின் வயது, மை உட்கார்ந்திருக்கும் விதம், கோட்டின் வேகம். அவற்றை முதலில் பார்த்துவிட்டு, வடிவத்துக்குக் கடைசியில் வாருங்கள்.

இது ஏதோ இரண்டு மூன்று ஏமாற்றுக்காரர்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். 1990களில் எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் ஒரு பெரிய விசாரணையை நடத்தியது. சான் டியேகோ பாட்ரெஸ் அணியின் டோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பதைக் கண்டு சொன்ன காலம் அது. புகழ்பெற்ற வீரர்களின் கையெழுத்துப் பொருள்களில் பாதிக்கு மேல் போலியாக இருக்கலாம் என்று துறையில் இருந்தவர்களே அப்போது மதிப்பிட்டார்கள். பிடிபட்டவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லும் பேஸ்பால் பந்துகளும் இருந்தன. போலிக் கையெழுத்தோடு போலிச் சான்றிதழும் அதே கும்பல்களிடமிருந்தே வந்தது. இதை நினைவில் வையுங்கள், சான்றிதழைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மேசையில் என்ன வேண்டும்

நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. ஒரு சிறிய டார்ச். முடிந்தால் ஒரு புற ஊதா டார்ச். சுத்தமான, உலர்ந்த கை. கார்டை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள், மையின் மேல் விரல் படக்கூடாது. கையெழுத்தைத் தேய்த்துப் பார்ப்பது, எச்சில் தொட்டுப் பார்ப்பது எல்லாம் சோதனை இல்லை. அசலாக இருந்தால் அதை நீங்களே கெடுத்துவிடுவீர்கள்.

முதல் படி: இது எந்த வகைக் கையெழுத்து?

பல கார்டுகளில் கையெழுத்து அச்சாகவே வந்திருக்கும். 1952 டாப்ஸில் வீரரின் பெயர்க் கட்டத்துக்குள்ளேயே கையெழுத்து அச்சிட்டிருக்கிறார்கள். 1975 டாப்ஸிலும் அப்படித்தான். பழைய பெட்டியைத் திறந்து பார்த்து ‘தாத்தா கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்’ என்று சந்தோஷப்படுகிறவர்களில் பலர் பார்ப்பது இதைத்தான். லென்ஸில் பார்த்தால் தெரிந்துவிடும். அச்சான கோடு படத்தோடு படமாக, ஒரே தளத்தில், மேல் பளபளப்புக்கு அடியில் இருக்கும். சில பதிப்புகளில் புள்ளி புள்ளியாகப் பிரியும். கையால் போட்ட மை பளபளப்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும். கார்டைச் சாய்த்தால் அது தனியாக மின்னும் அல்லது தனியாக மங்கும்.

கையால் போட்டதுதான் என்றால் அடுத்த கேள்வி: கார்டு நிறுவனமே கையெழுத்து வாங்கி, மூடிய பாக்கெட்டில் வைத்து விற்ற கார்டா, அல்லது சாதாரணக் கார்டில் பிறகு யாரோ வாங்கிய கையெழுத்தா?

பாக்கெட்டில் வந்த கையெழுத்துகளின் தொடக்கம் 1990. அந்த ஆண்டு அப்பர் டெக் நிறுவனம், ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்டு எண்ணும் இட்ட 2,500 கார்டுகளைப் பாக்கெட்டுகளுக்குள் கலந்து விட்டது. இன்று டாப்ஸ், பனினி, அப்பர் டெக் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். சிலவற்றில் வீரர் கார்டின் மேலேயே நேராகக் கையெழுத்திட்டிருப்பார். சிலவற்றில் ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரில் கையெழுத்து வாங்கிப் பிறகு கார்டில் ஒட்டியிருப்பார்கள். மறைந்த வீரர்கள் என்றால் பழைய கடிதத்திலிருந்தோ காசோலையிலிருந்தோ கையெழுத்தை வெட்டியெடுத்துக் கார்டுக்குள் பதித்திருப்பார்கள்.

இந்த வகையில் கவனிக்க வேண்டியது பின்பக்கம். கையெழுத்துப் பதிப்பு என்றால் பின்னால் அதைச் சொல்லும் வாசகம் இருக்கும், பெரும்பாலும் கார்டு எண்ணும் வேறாக இருக்கும். ஏமாற்றுக்காரர்கள் சாதாரணப் பதிப்பை வாங்கி, அதில் கையெழுத்தைப் போட்டு, பாக்கெட்டில் வந்தது என்று விற்கிறார்கள். கார்டின் முன்பக்கப் படத்தை மட்டும் காட்டும் விற்பனையாளரிடம் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். ஸ்டிக்கர் என்றால் அதன் ஓரம் நான்கு பக்கமும் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா, பிரித்து மறுபடி ஒட்டிய சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னாளில் வாங்கிய கையெழுத்துகளில்தான் ஆபத்து அதிகம். இனி வரும் படிகள் முக்கியமாக அவற்றுக்கானவை.

இரண்டாம் படி: தேதிக் கணக்கு

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கலைக்கண் எதுவும் தேவையில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். மூன்று தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்: கார்டு அச்சான ஆண்டு, அந்தப் பேனா கடைக்கு வந்த ஆண்டு, வீரர் மறைந்த ஆண்டு. முதல் இரண்டில் ஏதாவது ஒன்று மூன்றாவதற்குப் பிறகு வந்தால் வேலை முடிந்தது.

பால்பாயிண்ட் பேனா அமெரிக்காவில் கடைக்கு வந்தது 1945 அக்டோபரில், நியூயார்க்கில். லூ கெரிக் 1941 ஜூனில் இறந்துவிட்டார். ஆகவே பால்பாயிண்டில் கெரிக் கையெழுத்து என்ற ஒன்று இருக்கவே முடியாது. பேப் ரூத் 1948 ஆகஸ்டில் இறந்தார். அவருக்குக் கடைசி மூன்று ஆண்டுகள் மட்டும் வாய்ப்பு உண்டு. ஷார்ப்பி மார்க்கர் 1964இல் வந்தது. டை காப் மறைந்தது 1961இல். அவர் பச்சை மை நிரப்பிய ஊற்றுப் பேனாவுக்குப் பேர்போனவர். ஷார்ப்பியில் டை காப் என்று யாராவது நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

கார்டின் ஆண்டும் இப்படியே. டாப்ஸ் 1983இல் தன் 1952 தொகுப்பை மறுபதிப்பாக வெளியிட்டது. அசலைவிட அளவில் சிறியது, பின்பக்கத்தில் மறுபதிப்பு என்றே அச்சிட்டிருக்கும். மேன்டில் 1995 வரை இருந்தார், ஆகவே மறுபதிப்பில் அவர் கையெழுத்து இருப்பதில் தவறில்லை. ஆனால் அதே தொகுப்பில் இருக்கும் ஜாக்கி ராபின்சன் 1972இல் இறந்துவிட்டார். அவர் கையெழுத்து அந்த மறுபதிப்பில் இருந்தால் அது போலி, வேறு வாதமே இல்லை.

புற ஊதா டார்ச் இங்கேதான் உதவும். காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ஒளிரும் ரசாயனங்கள் பரவலாகச் சேர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1930களின் கார்டு என்று சொல்லும் அட்டை இருட்டறையில் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், அட்டையே பின்னாளில் அச்சானதாக இருக்க வாய்ப்பு அதிகம். கையெழுத்தைப் பார்க்கும் வேலையே மிச்சம்.

தேதிக் கணக்கு சரியாக வந்தால் கையெழுத்து அசல் என்று அர்த்தம் இல்லை. இந்தச் சோதனைக்கு ‘இல்லை’ என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னால் அது உறுதியான ‘இல்லை’.

மூன்றாம் படி: மையும் மடிப்பும்

டார்ச்சைக் கார்டுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய மேசை மட்டத்தில் வைத்து ஒளியைப் படர விடுங்கள். பால்பாயிண்ட் என்றால் அழுத்திய பள்ளம் தெரிய வேண்டும். பள்ளமே இல்லாத பால்பாயிண்ட் கோடு சந்தேகத்துக்குரியது. ஷார்ப்பி பள்ளம் விடாது. பேனா நின்ற இடத்தில், திரும்பிய இடத்தில் மை கொஞ்சம் கூடுதலாகத் தேங்கும். பளபளப்பான கார்டில் மை சில இடங்களில் குமிழ் குமிழாக ஒட்டாமல் போவது அசலிலும் நடக்கும், அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம்.

பழைய கார்டில் மடிப்போ கீறலோ கையெழுத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது உங்களுக்குக் கிடைத்த சாட்சி. மடிப்பில் பளபளப்பு உடைந்து உள்ளே நார் தெரியும். கையெழுத்து முதலில், மடிப்பு பிறகு என்றால் மையும் அட்டையோடு சேர்ந்து உடைந்திருக்கும். மடிப்பு முதலில், கையெழுத்து பிறகு என்றால் மை அந்த நாருக்குள் இறங்கிப் பக்கவாட்டில் கசிந்திருக்கும். ‘என் அப்பா சிறுவனாக இருந்தபோது புதுக் கார்டில் மைதானத்தில் வாங்கியது’ என்று கதை சொன்னவரின் கார்டில் மை மடிப்புக்குள் கசிந்திருந்ததை ஒருமுறை பார்த்தேன். அப்பா உண்மையாகவே இருந்திருக்கலாம், மைதானத்துக்கும் போயிருக்கலாம். அந்தக் கையெழுத்து மட்டும் கார்டு கிழடான பிறகு வந்தது.

நான்காம் படி: கோட்டின் வேகம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தினமும் வாசலில் கோலம் போடுகிற பெண்ணின் கை எப்படிப் போகும்? இழை நிற்காது. வளைவில் தயங்காது. முடியும் இடத்தில் மாவு தானாக மெலிந்து நிற்கும். அதே கோலத்தைப் புத்தகத்தைப் பார்த்து முதல்முறை போடுகிறவர் புள்ளிக்குப் புள்ளி நிறுத்துவார், வளைவில் கை நடுங்கும், இழையின் தடிமன் மாறாமல் ஒரேமாதிரி இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கோலம். குனிந்து பார்த்தால் யார் போட்டது என்று தெரிந்துவிடும்.

வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்ட வீரரின் கையும் அப்படித்தான். லென்ஸில் முதலில் தொடக்கத்தையும் முடிவையும் பாருங்கள். பேனா காற்றில் நகர்ந்துகொண்டே தாளைத் தொட்டிருந்தால் கோடு ஊசி முனைபோலத் தொடங்கும், அப்படியே மெலிந்து முடியும். பேனாவை ஊன்றி வைத்துத் தொடங்கி, நிறுத்திவிட்டு எடுத்தால் இரண்டு முனையிலும் மொட்டையான புள்ளி இருக்கும். அடுத்து நீண்ட வளைவுகள். அசலில் அவை வழுக்கிக்கொண்டு போகும். போலியில் சின்னச் சின்ன நடுக்கம், பலகோணம்போல உடைந்த வளைவு. பிறகு பேனா எங்கெங்கே தூக்கப்பட்டது என்று பாருங்கள். ஒரே இழுப்பில் வர வேண்டிய எழுத்தின் நடுவில் பேனாவை எடுத்து மறுபடி ஒட்டவைத்த தடயம் இருந்தால் அது வரைந்த கையெழுத்து, எழுதியது இல்லை. நம் ஊரில் ஈயடிச்சான் காப்பி என்போமே, அதுதான்.

கண் பழக ஒரு பயிற்சி. உங்கள் சொந்தக் கையெழுத்தை வேகமாக இருபது முறை போடுங்கள். பிறகு வீட்டில் வேறு ஒருவரை அதைப் பார்த்து அப்படியே போடச் சொல்லுங்கள். இரண்டையும் லென்ஸில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில், பத்துப் பக்கம் படித்துத் தெரியாதது தெரிந்துவிடும். நான் இதை மகனோடு உட்கார்ந்து செய்தேன். அவனுக்கு என்னைவிடச் சீக்கிரம் பிடிபட்டது.

ஓர் எச்சரிக்கை. வயதானபின், நோயுற்றபின் போட்ட அசல் கையெழுத்திலும் நடுக்கம் இருக்கும். ஆனால் அந்த நடுக்கம் ஒழுங்கற்றது, கோட்டின் தடிமனும் கூடிக் குறையும். வரைகிறவனின் நடுக்கம் தயக்கத்தால் வருவது. கடினமான வளைவுகளில் கூடும், எளிய நேர்கோட்டில் மறையும்.

ஐந்தாம் படி: இப்போது வடிவம்

ஒப்பிட உங்களுக்கு நம்பகமான மாதிரிகள் வேண்டும். ஒன்று போதாது, குறைந்தது எட்டுப் பத்து. பாக்கெட்டில் வந்த கையெழுத்துக் கார்டுகள், வங்கி முத்திரை விழுந்த காசோலைகள், ஒப்பந்தங்கள், பெரிய ஏல நிறுவனங்களின் தெளிவான படங்கள் ஆகியவை நல்லவை. இணையத்தில் யார் யாரோ விற்பனைக்குப் போட்ட படங்களை மாதிரியாக எடுத்தால் போலியோடு போலியை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மாதிரிகள் எந்தக் காலத்தவை என்பதையும் பாருங்கள். கையெழுத்து வாழ்க்கையோடு மாறுகிறது. பேப் ரூத் ஆரம்ப காலத்தில் ‘பேப்’ என்ற பட்டப்பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதினார். 1920களின் பிற்பகுதியில் அதை விட்டுவிட்டார். மேன்டில் இளைஞராக இருந்தபோது போட்டது ஒரு மாதிரி. பின்னாளில் பெயரின் இரண்டு ‘எம்’ எழுத்துகளும் பெரிய வளைவுகளாக விரிந்துவிட்டன. நான் ஏமாந்த கார்டின் கதையும் இங்கேதான் இருந்தது. அதைப் போட்டவன், கார்டிலேயே அச்சாகி இருந்த 1952ஆம் ஆண்டுக் கையெழுத்தைப் பார்த்து வரைந்திருந்தான். 1983க்குப் பிறகு மேன்டில் ஷார்ப்பியில் போட்ட கையெழுத்து அப்படி இருக்காது. இரண்டு கையெழுத்தும் ஒரே கார்டில், இரண்டு அங்குல இடைவெளியில், எட்டு மாதம் என் கண்முன் இருந்தன.

ஒப்பிடும்போது கார்டையும் மாதிரியையும் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். நேராக வைத்தால் மனம் பெயரைப் படித்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடும். தலைகீழாக இருந்தால் வெறும் கோடுகளாகத் தெரியும். எழுத்துகளின் சாய்வு, உயரமான எழுத்துக்கும் குட்டை எழுத்துக்கும் உள்ள விகிதம், எது எதோடு சேர்கிறது, எங்கே இடைவெளி விழுகிறது, எழுத்துகள் நிற்கும் வரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அலங்காரமான முதலெழுத்தை எல்லாரும் நன்றாகவே காப்பி அடிக்கிறார்கள். யாரும் கவனிக்காத நடு எழுத்துகளில்தான் அவர்கள் சொந்தக் கை வெளியே வரும்.

தெளிவாக எழுதும் வீரர்கள் நமக்கு ஒரு வரம். ஹார்மன் கில்லப்ரூ தானும் ஒவ்வோர் எழுத்தும் படிக்கும்படி கையெழுத்திட்டார், மின்னசோட்டா அணியின் இளம் வீரர்களையும் அப்படியே போடச் சொன்னார். எழுத்து அதிகம் இருந்தால் ஒப்பிட அதிகம் இருக்கும். இன்றைய பலருடைய ஒரு சுழி ஒரு கோடு கையெழுத்தைச் சரிபார்ப்பது உண்மையிலேயே கடினம். அங்கே கோட்டின் வேகத்தையும் கார்டு எங்கிருந்து வந்தது என்பதையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஆறாம் படி: எந்திரமும் வேறு கையும்

கோடு தடையில்லாமல் ஓடுகிறது, வடிவமும் சரி. அப்போதும் அது வீரரின் கையாக இல்லாமல் போகலாம். கையெழுத்து எந்திரம் பேனாவைப் பிடித்து ஒரே அச்சை மறுபடி மறுபடி எழுதும். மனிதக் கை இரண்டு முறை ஒரேமாதிரி போடாது. ஆகவே ஒரே வீரரின் இரண்டு கையெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் முழுதாகப் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். 2017இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாக் பிரெஸ்காட் பெயரில் வந்த பனினி கார்டுகள் சில எந்திரத்தால் எழுதியவைபோல் இருப்பதாக, பெக்கட் என்ற பரிசோதனை நிறுவனத்தின் பரிசோதகர்கள் சொன்னது பெரிய செய்தியானது. பாக்கெட்டில் வந்தாலும் லென்ஸை எடுக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் பழக்கம்.

வேறு ஒருவர் வீரருக்காகப் போட்டுக் கொடுப்பதும் பழைய வழக்கம். டெட் வில்லியம்ஸுக்கு வந்த கடிதங்களுக்கு பாஸ்டன் அணியின் உடைமாற்றும் அறைப் பொறுப்பாளர் ஜானி ஒர்லாண்டோ கையெழுத்துப் போட்டு அனுப்பியது சேகரிப்பாளர்கள் அறிந்த விஷயம். இவை நடுக்கமில்லாமல் ஓடும், மையும் பேனாவும் அந்தக் காலத்தவையே. ஒர்லாண்டோவின் கையைத் தனியாகப் படித்து வைத்தால்தான் பிரிக்க முடியும். தபாலில் வாங்கிய பழைய கையெழுத்து என்றால் இந்தக் கேள்வியை மறக்காதீர்கள்.

ஏழாம் படி: சான்றிதழைப் படிப்பது

சான்றிதழ் இருவகை. கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர் தருவது ஒன்று. பிறகு பார்த்துக் கருத்துச் சொல்பவர் தருவது இன்னொன்று. அப்பர் டெக் 1992 முதல் மைக்கேல் ஜோர்டனோடு செய்துவரும் கையெழுத்து ஏற்பாடு முதல் வகை. பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கட் போன்ற பரிசோதனை நிறுவனங்கள் தருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. நிபுணர்களின் கருத்து மதிப்புள்ளது, நானும் நம்புகிறேன், ஆனால் அது கருத்துதான்.

எந்த நிறுவனமானாலும் சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொட வேண்டாம். எண் இருந்தால் மட்டும் போதாது. அதே வீரர், அதே கார்டு, படம் இருந்தால் அதே கோடு அதே இடத்தில் இருக்க வேண்டும். நிறுவனங்கள் கார்டை வைத்து மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டியைப் போலவே ஒன்றைச் செய்து, அதில் உண்மையான எண்ணை ஒட்டி விற்கிறார்கள். நீங்கள் கேள்விப்படாத நிறுவனத்தின் சான்றிதழை வெற்றுத் தாளாக நினைத்து, மேலே சொன்ன படிகளை மட்டும் நம்புங்கள்.

வாங்கும் முன், அனுப்பும் முன்

விலை சந்தையைவிட மிகக் குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரே விற்பனையாளரிடம் அரிய கையெழுத்துகள் டஜன் கணக்கில், எல்லாம் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் வெளியே வாருங்கள். ‘பிஎஸ்ஏ அல்லது ஜேஎஸ்ஏ நிராகரித்தால் முழுப் பணமும் திரும்ப’ என்று எழுத்தில் வாங்குங்கள். தன் பொருள்மேல் நம்பிக்கை உள்ளவர் தயங்கமாட்டார். நான் அன்று இதைக் கேட்கவே இல்லை.

எல்லாப் படியும் தாண்டிய கார்டைத்தான் பரிசோதனைக்கு அனுப்புங்கள், கட்டணம் கார்டின் விலையைவிடக் குறைவாக இருந்தால் மட்டும். அனுப்பும் முன் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிராகரித்துத் திரும்பி வந்தால் விற்றவரிடம் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் அதை வேறு யார் கையிலும் தள்ளிவிடாதீர்கள்.

என் மேன்டில் கார்டு இப்போது மேசை இழுப்பறையில் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கம் முழுக்க, அழிக்க முடியாத மையில், தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘போலி’ என்று நானும் மகனும் சேர்ந்து எழுதியிருக்கிறோம். புதிதாக ஒரு கார்டு வீட்டுக்கு வந்தால் முதலில் இதை வெளியே எடுத்து, அந்த முதல் ‘எம்’ முடிகிற இடத்தில் இருக்கும் மொட்டைப் புள்ளியை இருவரும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். அதன் பிறகுதான் புதியதை லென்ஸுக்கு அடியில் வைப்போம்.